கணிப்பொறிக் களஞ்சியத்தை நிரப்புவது எது?

களஞ்சியத்தில் கொட்டி வைத்த நெல் நாளடைவில் குறையுமாயின், எலியோ, அந்துப்பூச்சியோ, ஈரமோ காரணம் என்று தேடுவது வழக்கம். கணிப்பொறியின் சேமிப்பிடத்திலோ நிலைமை நேர்மாறானது. அங்கே வைத்தது குறைவதில்லை, வைக்காதது பெருகுகிறது. ஓர் அலுவலகத்தில் ஆண்டு முழுவதும் சில அட்டவணைகளும் கடிதங்களுமே எழுதப்படுகின்றன. ஆயினும் ஒருநாள் காலையில் "வட்டில் இடம் இல்லை" என்னும் அறிவிப்புத் திரையில் தோன்றுகிறது. எவரைக் கேட்டாலும், "யான் ஒன்றும் வைக்கவில்லை" என்பதே விடை. அனைவர் கூறுவதும் உண்மையே. வட்டு நிரம்பியதும் உண்மையே. நகைப்புக்கு இடமளிக்கும் இப்புதிரை விடுவிப்பதே இப்பாடத்தின் நோக்கம். இது நகைப்போடு முடியும் செய்தியும் அன்று. புதிரை அறியாது அவசரத்தில் அழிப்போர், பலகாலம் தொகுத்த களக் குறிப்புகளை ஒரு நொடியில் இழந்துவிடக்கூடும்.

1. அளவுகளை அறிதல்

கணிப்பொறியில் செய்தியை அளக்கும் அலகு பைட்டு ஆகும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு போதும். இக்காலத்தில் பெரிதும் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு வேண்டும். 'கணிப்பொறி' என்னும் சொல்லில் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் 5. மெய்க்குறி, உயிர்க்குறிகளைத் தனித்தனியே எண்ணினால் குறியீடுகள் 9. எனவே பைட்டுகள் 27.

இதனைக் கொண்டு ஒரு கணக்கு இடலாம். பக்கத்திற்கு 1,500 குறியீடுகளாக 250 பக்கம் கொண்ட தமிழ் நூலின் எழுத்து முழுவதும் 11,25,000 பைட்டு, அதாவது ஒரு மெகாபைட்டுக்குச் சற்று மேல். கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் 4 மெகாபைட்டு அளவுடையதாயின், அஃது இத்தகைய மூன்று நூல்களுக்கு மேற்பட்ட இடத்தைக் கொள்ளும். 1956ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட ராமாக் என்னும் கணிப்பொறியின் வட்டுத் தொகுதியில், இரண்டு அடி விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. அவை அனைத்தும் சேர்ந்து தாங்கியவை 50 இலட்சம் எழுத்துகளே. அப்பெரும்பொறியில் இன்றைய நிழற்படம் ஒன்றை வைப்பதே அரிது.

எழுத்து மிகச் சிறிது, படம் பெரிது, வீடியோ மிகப் பெரிது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால் புதிரின் பாதி விளங்கிவிடும்.

2. வாங்கும்போதே குறைந்து காணும் இடம்

500 ஜிகாபைட்டு என்று எழுதிய வட்டை வாங்கிப் பொருத்தினால், விண்டோஸ் அமைப்பு அதனை 465 என்றே காட்டும். எஞ்சியது எங்கே சென்றது? எங்கும் செல்லவில்லை. உற்பத்தியாளர் 100 கோடி பைட்டை ஒரு ஜிகாபைட்டு என்று எண்ணுகின்றனர். விண்டோஸ் 1024ஐ மும்முறை பெருக்கிவரும் 107,37,41,824 பைட்டை ஒரு ஜிகாபைட்டு என்று எண்ணுகிறது. நெல் ஒன்றே, அளக்கும் மரக்கால்தான் வேறு.

இன்னொரு வேறுபாடும் உண்டு. வட்டு சிறுசிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒரு கட்டம் பெரும்பாலும் 4,096 பைட்டு. 5,000 பைட்டு உள்ள கோப்பு இரண்டு கட்டங்களை, அதாவது 8,192 பைட்டை, அடைத்துக்கொள்ளும். அரைமூட்டை நெல்லும் ஒரு மூட்டைக்குரிய இடத்தை அடைப்பது போன்றது இது. ஆகவேதான் கோப்பின் பண்புகளைப் பார்க்கும்போது 'அளவு' என்றும், 'வட்டில் கொள்ளும் அளவு' என்றும் இரண்டு எண்கள் காணப்படுகின்றன.

3. ஓர் அலுவலகத்தின் கணக்கு

விளக்கத்தின் பொருட்டு, வட்டார வேளாண்மை அலுவலகம் ஒன்றின் கணிப்பொறியை எடுத்துக்காட்டாகக் கொள்க. வட்டின் கொள்ளளவு 465 ஜிகாபைட்டு, நிரம்பியது 464, எஞ்சியது 1. கோப்புறைகளை ஒவ்வொன்றாக அளந்தபோது கிடைத்த கணக்கு வருமாறு:

பயிற்சி முகாம்களின் வீடியோக்களும் நிழற்படங்களும் — 190
ஸ்கேன் செய்த தாள்கள் — 70
ஒரே கைப்பேசியின் மாற்றுப்படி, மூன்று முறை எடுத்தது — 61
இணையத்திலிருந்து இறக்கிய கோப்புகள் — 48
விண்டோஸ் அமைப்பும் செயலிகளும் — 40
அட்டவணைகளும் கடிதங்களும் — 3

இவற்றின் கூட்டுத்தொகை 412. வட்டு நிரம்பியதோ 464. இடையிலுள்ள 52 ஜிகாபைட்டு எந்தக் கோப்புறையிலும் தென்படவில்லை. அலுவலகத்தின் உண்மையான உழைப்பாகிய அட்டவணைகளும் கடிதங்களும் நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை என்பதும் கருதத்தக்கது.

4. கண்ணுக்குத் தெரியாதவை

அந்த 52 ஜிகாபைட்டில் 21 குப்பைத்தொட்டியில் இருந்தது. அழித்த கோப்பு உடனே மறைவதில்லை. தொட்டிக்கு இடம் மாறுகிறது. தொட்டியைக் காலி செய்யும்வரை வட்டில் ஓர் அங்குல இடமும் மிச்சமாகாது. தெருக்குப்பையை வாரித் திண்ணையில் குவித்து, ஊர் தூய்மையாயிற்று என்று மகிழ்வதற்கு இஃது ஒப்பாகும்.

14 ஜிகாபைட்டு, மீட்புப் புள்ளிகள் எனப்படும் பழைய நிலைப் பதிவுகள். பழுது நேர்ந்தால் முன்னைய நிலைக்குத் திரும்புவதற்காகக் கணிப்பொறி இவற்றைத் தானே வைத்துக்கொள்கிறது.

11 ஜிகாபைட்டு, நினைவகத்திற்குத் துணையாக நிற்கும் இரு கோப்புகள். நினைவகம் போதாதபோது அதன் ஒரு பகுதியை வட்டில் இறக்கி வைப்பதற்கு ஒன்று. கணிப்பொறியை ஆழ்ந்த உறக்கத்தில் வைக்கும்போது நினைவகத்தில் உள்ளதை எழுதி வைப்பதற்கு மற்றொன்று. இவை இயல்பான பார்வையில் மறைக்கப்பட்டிருக்கும்.

எஞ்சிய 6 ஜிகாபைட்டு தற்காலிகக் கோப்புகள். இணையப் பக்கத்தை மீண்டும் விரைவாகக் காட்டும் பொருட்டு அதன் படங்களை உலாவி சேமித்து வைக்கிறது. அச்சிடுதல், கோப்புகளை விரித்தல் முதலிய வேலைகளின் இடையிலும் தற்காலிகப் படிகள் உண்டாகின்றன; வேலை முடிந்தபின் அவற்றிற் சில நீங்காமல் தங்கிவிடுகின்றன.

இதற்கு எதிர்மாறான புதிரும் உண்டு. விண்டோஸ் கோப்புறையினுள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்னும் உறை உள்ளது. அதன் கோப்புகள் பல, வேறிடத்திலும் வேறு பெயரால் காணப்படும். ஆயினும் வட்டில் இருப்பது ஒன்றே. இரு பெயரையும் தனித்தனியே எண்ணுவதால் அவ்வுறை உள்ளதினும் பெரிதாகத் தோன்றுகிறது. அதன் அளவைக் கண்டு அஞ்சிக் கையால் அழித்தவர், கணிப்பொறியே இயங்காத நிலைக்கு ஆளாவர்.

5. ஒன்றே பலவாதல்

இறக்கிய கோப்புகளின் உறையைத் திறந்தால் ஒரு சுற்றறிக்கையே 'சுற்றறிக்கை', 'சுற்றறிக்கை (1)', 'சுற்றறிக்கை (2)' என மும்முறை காணப்படும். பார்க்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்கியதன் பயன் இது. அருகில் 'அறிக்கை இறுதி', 'அறிக்கை இறுதி திருத்தியது', 'அறிக்கை உண்மையான இறுதி' என்று மூன்று கோப்புகள் நிற்கும். இவற்றுள் எஃது இறுதி என்பதை எழுதியவரும் அறியார்.

ஸ்கேன் செய்யும் வழக்கமும் ஆராயத்தக்கது. 1,500 குறியீடுகள் கொண்ட ஒரு பக்கக் கடிதத்தின் எழுத்து 4,500 பைட்டு. அதனை அச்சிட்டுக் கையொப்பமிட்டு, அங்குலத்திற்கு 300 புள்ளியாக வண்ணத்தில் ஸ்கேன் செய்தால், ஏ4 தாளில் 2,480 × 3,508 புள்ளிகள் உண்டாகும். புள்ளி ஒன்றுக்கு 3 பைட்டு வீதம், சுருக்குவதற்கு முன் அதன் அளவு 2 கோடியே 60 இலட்சம் பைட்டுக்கு மேல். அதாவது எழுத்தைப்போல் ஏறக்குறைய 5,800 மடங்கு. சுருக்கிச் சேமித்தாலும் எழுத்தினும் பன்மடங்கு பெரிதாகவே இருக்கும். கறுப்பு வெள்ளையாக, புள்ளிக்கு ஒரு பிட்டு வீதம் எடுத்தால், சுருக்கு முன் அளவு இதில் 24இல் ஒரு பங்கே.

6. காலை வணக்கம் வட்டை நிரப்பிய வரலாறு

கைப்பேசியிலும் இதே கதைதான். இந்தியாவில் பலருடைய கைப்பேசிகள் இடமின்றி அடிக்கடி நின்றுவிடுவதன் காரணத்தைக் கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தேடினர். மலரும் உதயசூரியனும் தாங்கி நாள்தோறும் வந்து குவியும் காலை வணக்கப் படங்களே ஒரு முக்கியக் காரணம் என்று கண்டனர். இச்செய்தியை 2018 ஜனவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் வெளியிட்டது. இத்தகைய படங்களைத் தேடித் திரட்டி அழிக்க உதவும் ஃபைல்ஸ் கோ என்னும் செயலியை அந்நிறுவனம் 2017 டிசம்பரில் வெளியிட்டிருந்தது.

ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 கிலோபைட்டு அளவுள்ள 20 படங்கள் வருவதாகக் கொண்டால், நாளுக்கு 3 மெகாபைட்டு. ஆண்டுக்கு 1,095 மெகாபைட்டு. 5 மெகாபைட்டு அளவுள்ள 5 வீடியோக்களும் வருமாயின், ஆண்டுக்கு மேலும் 9,125 மெகாபைட்டு. இரண்டும் சேர்ந்து 10 ஜிகாபைட்டைத் தாண்டும். அன்பு மிகுதியாற் பிறருக்கு அனுப்பினால், அனுப்பியவற்றின் படியும் தனி உறையில் தங்கக்கூடும்.

7. அவசரத்தில் அழித்தலின் கேடு

முற்கூறிய அலுவலகத்தில் இடநெருக்கடி கண்ட பணியாளர் ஒருவர், 'பழையது-2' என்னும் உறையைக் கண்டு அதனை முற்றாக அழித்தார் எனக் கொள்க. பெயரே பழையது, திறந்து பார்த்தவரும் இலர். கிடைத்த இடம் 40 மெகாபைட்டு. இழந்தது, நான்கு ஆண்டு மண் பரிசோதனை முடிவுகள். உழவர் ஒருவர் வந்து, "போன முறை என் நிலத்தில் சாம்பல் சத்து எவ்வளவு இருந்தது?" என்று கேட்டால், சொல்ல விடையில்லை. அந்நேரம் குப்பைத்தொட்டியில் 21 ஜிகாபைட்டு, அதாவது அழித்ததைப்போல் 500 மடங்குக்கு மேல், கேட்பாரற்றுக் கிடந்தது.

ஈண்டு உணரத்தக்க உண்மை ஒன்று. மீண்டும் பெற முடியாதவை பெரும்பாலும் அளவில் மிகச் சிறியவை. இடத்தை அடைப்பவை பெரும்பாலும் மீண்டும் பெறக்கூடியவை. ஆதலின் பெயரையோ, வயதையோ கொண்டு அழித்தல் தகாது. "இஃது அழிந்தால் மீண்டும் எங்கிருந்து கிடைக்கும்?" என்னும் வினாவை ஒவ்வொரு முறையும் கேட்டல் வேண்டும்.

8. செய்யத்தக்க முறை

(அ) முதலில் அளக்க வேண்டும். விண்டோஸில் அமைப்புகள் பகுதியிலுள்ள சேமிப்பகம் என்னும் பக்கம் வகைவாரியாகக் கணக்குக் காட்டும். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் முதலிய லினக்ஸ் அமைப்புகளில் 'டியூ' என்னும் கட்டளை உறைவாரியாக அளவைக் கூறும்.

(ஆ) களக் குறிப்புகள், அட்டவணைகள், மாணவர் பதிவுகள் ஆகியவற்றை வெளிவட்டு ஒன்றில் படியெடுக்க வேண்டும். இன்னொரு படி வேறு கட்டடத்தில் இருத்தல் நலம். படி திறக்கிறதா என்று பார்த்த பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

(இ) அதன்பின், மீண்டும் பெறக்கூடியவற்றை நீக்கலாம். தற்காலிகக் கோப்புகள், உலாவியின் சேமிப்பு, இருமுறை இறக்கியவை ஆகியன இவ்வகையின. குப்பைத்தொட்டியையும் உள்ளே ஒருமுறை நோக்கியபின் காலி செய்யலாம்.

(ஈ) வீடியோக்களை அழிப்பதினும் வெளிவட்டுக்கு மாற்றுவது நன்று.

(உ) அமைப்புக்குரிய கோப்புகளைக் கையால் தொடுதல் கூடாது. அவ்வமைப்பிலேயே உள்ள துப்புரவுக் கருவியால் மட்டும் நீக்க வேண்டும்.

(ஊ) வட்டில் பத்தில் ஒரு பங்கேனும் வெறுமையாக இருக்கட்டும். இடம் முற்றும் தீர்ந்த வட்டில் சேமிக்க முயலும் கோப்பு பாதியில் சிதையக்கூடும்.

தவறுதலாக ஒன்று அழிந்துவிட்டால், கணிப்பொறியில் வேறெதுவும் எழுதாமல் உடனே நிறுத்த வேண்டும். அழித்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை, தட்டு வகை வட்டில் பழைய செய்தி பெரும்பாலும் தங்கியிருக்கும். வல்லுநர் மீட்கவும் கூடும். எஸ்எஸ்டி வகை வட்டில் அச்செய்தி விரைவில் நீக்கப்பட்டுவிடுவதால் மீட்கும் வாய்ப்புக் குறைவு. மாற்றுப்படியே உறுதியான காவல்.

பயிற்சி

1. பள்ளியிலோ அலுவலகத்திலோ உள்ள ஒரு கணிப்பொறியில், உறைகளின் அளவைத் தனித்தனியே குறித்துக் கூட்டுக. வட்டு காட்டும் மொத்தத்திற்கும் அதற்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு? அதற்குரிய காரணங்கள் யாவை?

2. 1,000 ஜிகாபைட்டு என்று எழுதிய வட்டை விண்டோஸ் எவ்வளவு என்று காட்டும்? கணக்கிட்டுக் கூறுக.

3. மாணவர்தம் ஊரின் பெயரைத் தமிழில் எழுதி, எழுத்துகளையும் குறியீடுகளையும் எண்ணி, யூடிஎஃப்-8 முறையில் பைட்டுகளைக் காண்க.

4. அதே கணிப்பொறியில், அழிந்தால் மீண்டும் பெறமுடியாத கோப்புகளின் பட்டியல் ஒன்று தயாரிக்க. அவற்றின் மொத்த அளவு என்ன? அவற்றின் மாற்றுப்படி இன்று எங்கே உள்ளது?

நான்காம் வினாவுக்கு விடை கிடைக்கும்வரை எதனையும் அழிக்காதிருத்தல் நன்று.