ஆறு கிலோ சூரை நிலாவில் எவ்வளவு?

நம்பிக்கை: நிலாவில் ஈர்ப்பு கிடையாது. காற்றில்லாத இடத்தில் எல்லாம் மிதக்கும்.

மண்டைக்காட்டுப் பக்கம் பிள்ளைகளிடம், நிலாவில் ஒரு கல்லைக் கைவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். ‘மிதக்கும்’ என்று பலர் சொல்வார்கள். பெரியவர்களிலும் அப்படி நம்புகிறவர்கள் உண்டு. சந்திரயான்-3 திட்டத்தில் பங்குள்ள நம் மாவட்டத்தில் இந்தத் தவறு நிற்கவே கூடாது என்பது என் ஆசை. விக்ரம் தரையிறங்கும் கலத்தின் எஞ்சின்களை உருவாக்கிய திரவ உந்துவிசை மையத்துக்கு அப்போது இயக்குநராக இருந்த வி. நாராயணன், நம் மேலக்காட்டுவிளைக்காரர். 2025 ஜனவரியில் இஸ்ரோவின் தலைவரானார்.

அந்த எஞ்சின்களை வைத்தே பிள்ளைகளுக்குச் சொல்லலாம். 2019 செப்டம்பரில் முதல் விக்ரம் கட்டுப்பாடு இழந்து நிலாவில் விழுந்து நொறுங்கியது. நிலாவின் இழுப்புதான் அதை விழவைத்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று இரண்டாவது விக்ரம், தரைக்கு 150 மீட்டர் உயரத்தில் சற்று நேரம் அந்தரத்தில் நின்று இறங்குமிடத்தைச் சரிபார்த்தது. அப்படி நிற்பதற்கே எஞ்சின் எரிந்துகொண்டிருக்க வேண்டியிருந்தது.

இன்னும் ஒரு கணக்கு உண்டு. பூமியிலிருந்து புறப்பட்டபோது, எரிபொருளும் ரோவரும் சேர்த்து விக்ரமின் நிறை 1,752 கிலோ. நாலு எஞ்சின்கள், ஒவ்வொன்றின் உந்துவிசை 800 நியூட்டன். அதாவது நம் ஊரில் 80 கிலோ சுமையைத் தாங்கிப் பிடிக்கும் பலம். நாலும் சேர்ந்தால் 320 கிலோ சொச்சம். அந்தக் கலத்தை மண்டைக்காட்டுக் கடற்கரையில் நிறுத்தி நாலையும் முழு வேகத்தில் முடுக்கினாலும் அது மணலைவிட்டு எழும்பாது. நிலாவில் இழுப்பு ஆறில் ஒரு பங்கு. அங்கே அதே கலம் 290 கிலோபோல்தான் கனக்கும். நாலு எஞ்சின் தாராளமாகப் போதும்.

காற்றுக்கும் ஈர்ப்புக்கும் முடிச்சுப் போடும் பழக்கம் பலூனிலிருந்து வந்திருக்கலாம். மாசிக் கொடைத் திருவிழாவுக்குப் போன பிள்ளை கேஸ் பலூனின் நூலை விட்டுவிட்டால் அது மேலே போய்விடுகிறது. ஈர்ப்பிலிருந்து தப்பிவிட்டதாகத் தோன்றுகிறது. பலூனையும் பூமி இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. சுற்றியுள்ள காற்று அதைவிடக் கனம் என்பதால் பலூனை மேலே தள்ளிவிடுகிறது. நிலாவில் தள்ளக் காற்றில்லை. பலூன் வெடிக்காமல் இருந்தால், கல்லோடு சேர்ந்து ஒரே நேரத்தில் தரைக்கு வந்துவிடும். 1971இல் அப்பல்லோ-15 வீரர் டேவிட் ஸ்காட் நிலாவில் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒன்றாகக் கைவிட்டார். இரண்டும் ஒன்றாகவே விழுந்தன.

விண்வெளி நிலையத்தில் வீரர்கள் மிதக்கிறார்களே என்று கேட்பார்கள். அது இருப்பது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், நாகர்கோவிலிலிருந்து திருச்சிக்குப் போகும் தூரம்தான். அங்கேயும் பூமியின் இழுப்பு நம் தரையில் உள்ளதில் 90 சதவீதம் அளவுக்கு இருக்கிறது. நிலையமும் ஆட்களும் சேர்ந்தே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டிருப்பதால் மிதப்பதாகத் தெரிகிறது.

நம்பிக்கை: நிலாவில் பொருள் குறைந்துவிடும்.

குளச்சலில் வாங்கிய ஆறு கிலோ சூரை மீனை நிலாவுக்குக் கொண்டுபோவோம். ஸ்பிரிங் தராசின் கொக்கியில் மாட்டினால் முள் ஒரு கிலோவில் நிற்கும். எலெக்ட்ரானிக் தராசும் அதையே காட்டும். தட்டுத் தராசில் வைத்தால் மறுதட்டில் ஆறு கிலோ படிக்கல் வைத்தால்தான் சமமாகும், ஏனென்றால் கல்லின் கனமும் அதே கணக்கில் குறைந்திருக்கிறது. மீன் அப்படியேதான் இருக்கிறது. குழம்பு வைத்தால் இங்கே எத்தனை பேர் சாப்பிடுவார்களோ அத்தனை பேர் அங்கேயும் சாப்பிடலாம். இழுப்புதான் குறைந்திருக்கிறது. கிரிக்கெட் பந்து இதே வேகத்தில் வந்து தலையில் பட்டால் அங்கேயும் இதே வலிதான்.

நம்பிக்கை: கோள் எவ்வளவு பெரிதோ, இழுப்பும் அவ்வளவு பெரிது.

அளவு மட்டும் போதாது என்பதைக் கடற்கரையிலேயே பிள்ளைகள் கையால் உணரலாம். மண்டைக்காடு, மணவாளக்குறிச்சிக் கரையில் இல்மனைட் கலந்த கரிய மணல் திட்டுத்திட்டாகக் கிடக்கும். ஒரே அளவுள்ள இரண்டு சிரட்டைகளில் ஒன்றில் கரிய மணலும் மற்றதில் வெள்ளை மணலும் நிரப்பித் தூக்கச் சொல்லுங்கள். பார்க்க ஒரே அளவு. கரிய மணல் கையை நன்றாகவே கீழே இழுக்கும். தூக்கிப் பார்த்துவிட்டு மணலை அங்கேயே கொட்டிவிடலாம்.

கோள்களும் அப்படித்தான். புதன் கோள் செவ்வாயைவிடச் சிறியது. இருந்தும் இரண்டின் தரையிலும் இழுப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான், நம்முடையதில் 38 சதவீதம். புதனுக்குள் இரும்பு செறிந்திருப்பதே காரணம். சனிக்கோளில் பூமியைப் போல 95 மடங்கு பொருள் இருக்கிறது. ஆனால் அதன் மேற்பரப்பு மையத்திலிருந்து ஒன்பது மடங்கு தள்ளி இருப்பதால் அங்கே இழுப்பு நம்முடையதைவிடச் சற்றுத்தான் கூடுதல். உள்ளே எவ்வளவு பொருள், மையத்திலிருந்து நாம் எவ்வளவு தூரம்: இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

30 கிலோ பிள்ளை நிலாவில் 5 கிலோ, செவ்வாயில் 11 கிலோ சொச்சம், வியாழனில் 75 கிலோ என்று அட்டவணை எழுதி மனப்பாடம் செய்ய வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. காரணம் தெரியாமல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளை என்ன செய்யும்? வியாழனில் நிற்கத் தரையே இல்லை, அந்த 75 மேகங்களின் உச்சிக்கான கணக்கு என்பதையும் பல அட்டவணைகள் சொல்வதில்லை.

நம்பிக்கை: பூமி சுழல்வதால்தான் நம்மை இழுக்கிறது.

வெள்ளி தன்னைத் தானே ஒருமுறை சுற்ற 243 நாள் எடுக்கிறது. அவ்வளவு மெதுவாகச் சுழன்றும் அதன் இழுப்பு நம்முடையதில் 90 சதவீதம் இருக்கிறது. சுழற்சி உண்மையில் நம் எடையைக் கொஞ்சம் குறைக்கவே செய்கிறது. பூமியின் நடுப்பகுதி புடைத்திருப்பதாலும், சுழற்சி அங்கே வேகமாக இருப்பதாலும், நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு எடை சற்றுக் குறைவு. இங்கே ஸ்பிரிங் தராசில் 50 கிலோ காட்டுகிற ஆள் அதே தராசோடு டெல்லிக்குப் போனால் ஏறக்குறைய 50 கிராம் கூடிவிடும்.

பூமியிலேயே ஈர்ப்பு இப்படி இடத்துக்கு இடம் மாறுகிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு குறைந்த ஒரு பெரும் பரப்பு இருக்கிறது. அங்கே கடல்மட்டம், பூமியின் சீரான வடிவத்தை வைத்துக் கணக்கிட்டால் இருக்க வேண்டிய அளவைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. தாழ்வு மிகப் பெரிய பரப்பில் பரவியிருப்பதால் கப்பலில் போகிறவருக்குத் தெரியாது. அடியாழத்தில் இருக்கும் சூடான, அடர்த்தி குறைந்த பாறைப் பொருளே இதற்குக் காரணம் என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2023இல் விளக்கினார்கள்.