பயணிகள் ஜெட் விமானம்: மாதிரி செய்யும் மாணவியர் உற்று நோக்க வேண்டியவை

விமான மாதிரி இல்லாத பள்ளிக் கண்காட்சி அரிது. எட்டி நின்று பார்த்தால் அது விமானந்தான். கிட்டப் போனால் இறகு முளைத்த குழாய்! செய்தவரிடம் கைத்திறன் இல்லையென்று சொல்ல முடியாது. மெய்யான விமானத்தின் எந்தப் பகுதி எப்படி இருக்கிறது, ஏன் அப்படி இருக்கிறது என்று பார்க்காமல் செய்வதால் வரும் குறை அது. மதுரை விமான நிலையத்தில் நம் மாவட்டத்தார் பலரும் கண்டிருக்கக்கூடிய ஏர்பஸ் ஏ-320 விமானத்தையே இங்கு எடுத்துக்கொள்வோம்.

முதலில் அளவு. கடைகளில் வரும் பிளாஸ்டிக் மாதிரிகள் பெரும்பாலும் 1:144 அளவில் இருக்கும். அந்தக் கணக்கைப் போட்டே நாம் களைத்துப் போவோம். 1:100 நமக்கு எளிது. மெய்யான ஒரு மீட்டர் நம் மேசையில் ஒரு செ.மீ. ஏ-320 விமானத்தின் நீளம் 37.57 மீட்டர். எனவே மாதிரியின் நீளம் 37.6 செ.மீ. இறக்கை நுனியிலிருந்து நுனிவரை 34.1 செ.மீ., வாலின் உச்சி தரையிலிருந்து 11.8 செ.மீ., உடலின் அகலம் 3.95 செ.மீ. அதாவது 40 மி.மீ. பி.வி.சி. தண்ணீர்க் குழாயின் மேல் காகிதத்தைச் சுற்றி, மைதாப் பசை தடவி, காய்ந்ததும் உருவி எடுத்தால் உடல் தயார். குழாய் சுருட்டும் கைப்பழக்கம் சிவகாசி, சாத்தூர் பக்கத்து வீடுகளுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கண்டிப்பு: புதுக் காகிதத்தில் நாமே சுருட்டியதாக இருக்கவேண்டும். ஆலைக் கழிவிலிருந்து எடுத்த குழாய் வேண்டவே வேண்டாம். வெறும் கண்ணுக்குத் தெரியாத மருந்துத் தூள் அதில் ஒட்டியிருக்கலாம். இறக்கைக்குப் பழைய காலண்டர் அட்டை போதும்.

குழாயின் இரு முனைகளையும் புஸ்வாணம் போல ஒரே சீராகக் கூம்பாக்கி விடுவது வழக்கம். உண்மையில் வாலின் மேற்கோடு ஏறக்குறைய நேராகவே செல்கிறது. அடிக்கோடுதான் மேல்நோக்கி ஏறுகிறது. விமானம் மூக்கைத் தூக்கிக் கிளம்பும்போது வால் ஓடுதளத்தில் உரசாதிருக்க இந்த ஏற்பாடு. மூக்கிலோ மேற்பகுதி சரிந்து கீழிறங்குகிறது. இறக்கைகளும் தட்டையாக நிற்பதில்லை. வேரிலிருந்து நுனிக்குச் சுமார் 5 பாகை உயர்கின்றன. நம் மாதிரியில் நுனி ஏறக்குறைய ஒன்றரை செ.மீ. மேலே நிற்கவேண்டும். பின்னோக்கிய சாய்வு 25 பாகை. கோணமானியைக் கையில் வைத்துக்கொண்டே ஒட்டுங்கள்.

சக்கரங்களில் நம் நாட்டுக்கே உரிய செய்தி ஒன்று உண்டு. ஏ-320 விமானத்துக்கு மூக்கின் கீழ் இரண்டு, இறக்கைகளின் கீழ் பக்கத்துக்கு இரண்டு, ஆக ஆறு சக்கரங்கள். ஆனால் இந்தியன் ஏர்லைன்ஸ் 1989 முதல் வாங்கிய ஏ-320 விமானங்களுக்குப் பக்கத்துக்கு நான்கு சக்கரங்கள் கேட்டுப் பெற்றது, மொத்தம் பத்து. அந்நாளைய நம் ஓடுதளங்கள் பலவற்றின் வலிமை குறைவு என்பதே காரணம். பின்சக்கரங்கள் தாங்கும் பாரம் 64 டன் என்று வைத்துக்கொள்வோம். நான்கு சக்கரமானால் ஒவ்வொன்றின்மீதும் 16 டன். எட்டானால் 8 டன்தான். பாரம் ஏற்றும் லாரிக்குப் பின்னால் இரட்டைச் சக்கரம் போடுவதும் இதே கணக்குத்தான். இந்தியன் ஏர்லைன்ஸ் 2007-இல் ஏர் இந்தியாவோடு இணைந்தது. அந்தப் பத்துச் சக்கர விமானங்கள் இப்போது பறப்பதில்லை. ஆரஞ்சு வால் தீட்டி இந்தியன் ஏர்லைன்ஸ் மாதிரி செய்ய விரும்புகிறவர், வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து ஆறு சக்கரம் வைத்தால் பிழையாகிவிடும். கால்களுக்குத் தலை வைக்காத வெற்றுத் தீக்குச்சி நன்றாகப் பொருந்துகிறது.

எஞ்சினும் இறக்கை நுனியும் விமானத்தின் வயதைச் சொல்லிவிடும். பழைய ஏ-320 விமானங்களின் நுனியில் மேலும் கீழுமாகச் சிறு முக்கோணத் தகடு இருக்கும். 2012-இன் இறுதியில் வந்த புதிய வகையில் நுனி 2.4 மீட்டர் உயரத்துக்கு மேலே வளைந்து நிற்கும். நமக்கு 2.4 செ.மீ. அப்போது இறக்கையின் மொத்த அளவும் 35.8 செ.மீ. ஆகிவிடும் என்பதை மறக்கலாகாது. 2016-இல் இந்தியாவுக்கு வந்த ‘நியோ’ வகையின் எஞ்சின் பருத்தது. அதில் ஒருவகையின் விசிறி மட்டுமே 2 மீட்டருக்குச் சற்று மேல். விசிறியின் நடுக்குமிழில் வெள்ளைச் சுழிக்கோடு ஒன்று தெரியும். அழகுக்கு வரைந்ததன்று, எஞ்சின் சுற்றுகிறதென்று தரைப் பணியாளருக்குக் காட்டும் எச்சரிக்கை.

சன்னல்களைச் சதுரமாக வரையாதீர்கள். இதன் பின்னால் துயரமான வரலாறு உண்டு. உலகின் முதல் பயணிகள் ஜெட் விமானமான ‘காமெட்’ 1952 மே 2-இல் சேவையைத் தொடங்கியது. 1954-இல் ஜனவரி 10, ஏப்ரல் 8 ஆகிய நாட்களில் இரண்டு காமெட்டுகள் நடுவானில் உடைந்து இத்தாலிக்கு அருகே கடலில் விழுந்தன. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு முழு விமான உடலையே நீர்த்தொட்டியில் வைத்து, அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் பலமுறை பறந்தது போலச் சோதித்தார்கள். உடலில் வெட்டிய திறப்புகளின் மூலைகளில் இழுவிசை குவிந்து, உலோகம் களைத்து, விரிசல் விட்டது தெரிந்தது. நோட்டுத் தாளில் ஒரு சதுர ஓட்டையும் ஒரு வட்ட ஓட்டையும் வெட்டி இழுத்துப் பாருங்கள். சதுரம் மூலையிலிருந்துதான் கிழியும். மாதிரியில் ஒவ்வொரு சன்னலும் மிளகளவு கூட வராது. ஆயினும் மூலைகள் வளைந்திருக்கட்டும். உடலின் விலாச் சட்டங்கள் 53.3 செ.மீ. இடைவெளியில் உள்ளன, சன்னல்கள் அவற்றுக்கு நடுவே அமைவதால், நமக்கு ஒரு சன்னலின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 5.3 மி.மீ. (ஏர் இந்தியா 1971-இல் வாங்கிய ஜம்போ ஜெட்டில் ஒவ்வொரு சன்னலையும் சுற்றி ராஜஸ்தான் அரண்மனைச் சாளரம் போலச் சிவப்பு வளைவு தீட்டியிருந்தனர். வரைவதற்குப் பொறுமை வேண்டும். பார்ப்பதற்கு அதைப்போல இன்னொன்றில்லை.)

இறக்கைகளின் பின்விளிம்பிலும் வாலிலும் பென்சில் போன்ற மெல்லிய குச்சிகள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. காற்று, தூசி, மழைத்துளி, பனித்துகள் ஆகியவை உரச உரச விமானத்தின் மேல் நிலைமின்னேற்றம் சேர்கிறது. அது கண்டபடி வெளியேறினால் விமானியின் ரேடியோவில் இரைச்சல் எழுந்து பேச்சுக் கேட்காமல் போகும். இக்குச்சிகள் அந்த மின்னேற்றத்தைச் சிறிது சிறிதாகக் காற்றில் விட்டுவிடுகின்றன.

பட்டாசு ஆலைக்குப் பெற்றோரை அனுப்பும் மாணவியருக்கு இது புதிய பாடமன்று. மருந்து அறைக்குள் நுழையுமுன் வாசலில், தரையோடு கம்பியால் இணைத்த உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போகவேண்டும் என்பார்களே, அதுவும் இதே நிலைமின்சாரத்துக்காகத்தான். நைலான், பாலியெஸ்டர் உடை கூடாது, பருத்திதான் உடுத்தவேண்டும் என்பதும் அதற்கே. விமானத்தில் ஓர் இரைச்சலோடு போகக்கூடியது, மருந்துக் கலவையின் அருகில் ஒரு பொறியானால் என்ன ஆகும் என்று நம் பகுதியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காற்று வறண்ட நாட்களில் இந்த ஏற்றம் கூடுதல். உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குச் செல்பவர் அவசரத்தில் அந்தத் தகட்டைத் தொடாமல் நுழைகிறாரா, அங்கே தகடு இருக்கிறதா என்று இன்று மாலையே கேளுங்கள்.

மாதிரியில் இக்குச்சிகளுக்குப் பழைய தூரிகையின் மயிரே போதுமானது, அரை செ.மீ. கூட வேண்டாம், இரண்டு மூன்று மி.மீ. நீளம் சரியாக இருக்கும். வண்ணம் தீட்டி, சன்னல் வரைந்து, ‘வி.டி.’ என்று ஆங்கில எழுத்தில் தொடங்கும் இந்தியப் பதிவெண்ணையும் எழுதிய பின் கடைசியாக இவற்றை ஒட்டுங்கள். கண்காட்சி மேசைக்குத் தூக்கிச் செல்கையில் முதலில் உடைபவை அவைதாம்.