வெள்ளம் வருமுன் செய்ய வேண்டியவை: நோயுற்ற குழந்தைகளும் மருத்துவமனையும்

ஆண்டுதோறும் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை வீசுகிறது. மழை நாட்களில் பால் வெட்டு நிற்கும், வருமானம் குறையும். இதனைத் தோட்டத்து மக்களாகிய நாம் நன்கு அறிவோம். ஆனால் ஆஸ்துமா, வலிப்பு, நீரிழிவு போன்ற நோயுள்ள குழந்தை இருக்கும் வீட்டுக்கு இழப்பு அதோடு நிற்பதில்லை. சாலை துண்டிக்கப்படும், மின்சாரம் நிற்கும், மருந்து தீரும். மருத்துவமனையை அடைந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்று எண்ணுகிறோம். அந்த மருத்துவமனையையே வெள்ளம் சூழ்ந்தால் என்ன செய்வது?

நியூயார்க் நகரில் நடந்தது

2012ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் இரவு, சாண்டி என்னும் சூறாவளி அமெரிக்காவின் நியூயார்க் நகரைத் தாக்கிற்று. கடல்நீர் நகருக்குள் புகுந்தது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் லாங்கோன் மருத்துவமனையில் மின்சாரம் நின்றது; அவசர காலத்துக்கென இருந்த ஜெனரேட்டர்களும் பழுதுற்றன. ஒன்பதாம் மாடியில் தீவிர சிகிச்சை பெற்ற பச்சிளங் குழந்தைகள் 20 பேர் இருந்தனர். அவர்களுள் நால்வர் இயந்திரத்தின் துணையால் மூச்சு விட்டவர்கள். மின்தூக்கியும் ஓடவில்லை. தாதியர் குழந்தைகளை மார்போடு அணைத்து, கைவிளக்கின் ஒளியில் ஒன்பது மாடிகளின் படிகளை இறங்கினர். இயந்திரம் நின்ற குழந்தைகளுக்குச் சிறிய காற்றுப்பையைக் கையால் இடைவிடாது அழுத்தி மூச்சளித்தனர். இருபது குழந்தைகளும் பாதுகாப்பாக வேறு மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டனர்.

அருகிலிருந்த பெல்வியூ மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் 13ஆம் மாடியில் இருந்தன. ஆனால் எரிபொருளை மேலேற்றும் பம்புகள் நிலவறையில் இருந்தன. நிலவறை மூழ்கியதும், ஆட்கள் படிக்கட்டில் வரிசையாக நின்று எரிபொருளைக் கைமாற்றி மேலே கொண்டு செல்ல நேர்ந்தது.

இது தொலைதூரத்துக் கதையன்று. 2014ஆம் ஆண்டு டிசம்பரில் கிளந்தானைப் பெருவெள்ளம் தாக்கியபோது, கோலக்கிராய் மருத்துவமனையை நீர் சூழ்ந்தது, மின்சாரம் நின்றது. கடும் நோயுற்றோர் ஹெலிகாப்டரில் கொண்டு செல்லப்பட்டனர்.

மருத்துவமனையின் ஆயத்தம்

இந்நிகழ்ச்சிகள் புகட்டும் பாடங்கள் தெளிவானவை. ஜெனரேட்டர் மட்டுமன்றி, அதற்குரிய எரிபொருளும் பம்பும் வெள்ள மட்டத்துக்கு மேல் இருத்தல் வேண்டும். மூச்சு இயந்திரத்தில் உள்ள குழந்தையின் அருகே கைப்பை எப்போதும் இருத்தல் வேண்டும். யாரை முதலில் மாற்றுவது, எங்கே மாற்றுவது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்தல் வேண்டும். குழந்தையின் பெயரும் நோய்க்குறிப்பும் உடன் செல்ல வேண்டும். குறைமாதக் குழந்தைக்கு இன்குபேட்டர் நின்றுபோனால், தாயின் வெற்று மார்போடு சேர்த்து அணைத்து, மேலே போர்த்துவதே சிறந்த வெப்பமாகும். எல்லாவற்றிலும் மேலானது, நீர் ஏறுமுன் மாற்றுவது.

பெற்றோரின் ஆயத்தம்

மருத்துவமனை எத்தனை ஆயத்தமாக இருந்தாலும், நம் வீட்டில் இருக்கும் குழந்தையைப் பற்றி அது அறிந்திருந்தால்தான் உதவ முடியும். ஆகவே:

1. பருவமழை தொடங்குமுன் மருத்துவரைக் கண்டு, கூடுதல் நாட்களுக்கு மருந்து தர இயலுமா என்று கேளுங்கள். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துதல் ஆபத்து.

2. மருந்து, மருத்துவ அட்டை, பிறப்புப் பத்திரத்தின் நகல் ஆகியவற்றை நீர் புகாத பிளாஸ்டிக் பையில் வையுங்கள். நோயின் பெயரையும் மருந்தின் அளவையும் ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள்.

3. மின்சாரம் நின்றால், நீர் ஊறிய மண்பானைக்குள் இன்சுலினை நனையாதவாறு வைக்கலாம். பனிக்கட்டியை ஒட்டி வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் பயன்படாது.

4. வீட்டில் மின்சாரத்தால் இயங்கும் ஆக்சிஜன் கருவி இருந்தால், மருத்துவமனைக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் முன்னரே தெரிவியுங்கள்.

5. வானிலைத் துறையின் மஞ்சள் எச்சரிக்கை கேட்டதும் பையை எடுத்து வையுங்கள். ஆரஞ்சு எச்சரிக்கை வந்ததும் நோயுற்ற குழந்தையோடு மேட்டுப் பகுதிக்கோ மருத்துவமனைக்கு அருகிலோ சென்றுவிடுங்கள். சிவப்பு எச்சரிக்கைவரை காத்திருக்க வேண்டாம். அவசர உதவிக்கு அழைக்கும் எண் 999.

"பக்கத்து வீட்டார் எவரும் கிளம்பவில்லையே, நாம் மட்டும் ஏன் போக வேண்டும்?" என்ற தயக்கம் எழலாம். நலமுள்ள குழந்தை ஓரிரவு கூரைமேல் காத்திருக்கக்கூடும். மருந்தையும் மின்சாரத்தையும் நம்பி வாழும் குழந்தையால் அது இயலாது. மழை பெய்யாமல் போனால் இழப்பது ஒருநாள் அலைச்சல் மட்டுமே.

அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது மூன்று வினாக்களைக் கேட்டு வாருங்கள்: சாலை மூடினால் என் குழந்தையை எங்கே கொண்டு செல்வது? எத்தனை நாள் மருந்து கையில் இருக்க வேண்டும்? எந்த எண்ணுக்கு அழைப்பது? விடைகளை எழுதி, வீட்டுக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். வெள்ளம் வருமுன் அணை போடுதல் என்பது இதுவே.