மரங்கொத்தியைத் தேடி ஒரு களப்பாடம்

"மரங்கொத்தியைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்" என்றால் வகுப்பில் ஏறத்தாழ எல்லாக் கைகளும் உயரும். பார்த்ததை வரையச் சொல்லிப் பாருங்கள். விசிறி போல் விரிந்த கொண்டை, வளைந்த நீண்ட அலகு, இறக்கையில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் என்று பாதிப் பேர் வரைந்து தருவது கொண்டலாத்தியை. அது மரத்தைக் கொத்தும் பறவை அன்று. புல்தரையில் நடந்து, மண்ணுக்குள் அலகை விட்டுப் புழு தேடும் பறவை. கொண்டையும் நீண்ட அலகும் இருப்பதால் பல ஊர்களில் பெரியவர்களே அதை மரங்கொத்தி என்று காட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் படங்களைத் திருத்தாமல் வாங்கி வைத்துக்கொள்வது என் வழக்கம். சொல்லித் திருத்துவதைவிடப் பார்த்துத் திருந்துவது நிலைக்கும்.

நான் அறிவியல் கற்பிக்கும் நடுநிலைப்பள்ளி ஏரிக்கரை ஓரத்தில் இருக்கிறது. சுற்றிலும் பனை, தென்னை, புளி, வேம்பு. இத்தகைய இடத்தில் தேடவேண்டியது பொன்முதுகு மரங்கொத்தி. இதைக் காணக் காட்டுக்குப் போகவேண்டியதில்லை. தோப்பும் பழைய மரங்களும் உள்ள எந்த ஊரிலும் உண்டு. சென்னை போன்ற நகரங்களின் மரம் நிறைந்த தெருக்களிலும் உண்டு. மைனாவைவிடப் பெரியது, ஏறத்தாழ ஒரு அடி நீளம். முதுகு பொன்மஞ்சள். தொண்டை கறுப்பு, அதில் நுண்ணிய வெள்ளைப் புள்ளிகள். ஆணுக்கு உச்சந்தலையும் கொண்டையும் முழுச் சிவப்பு. பெண்ணுக்கு முன்தலை கறுப்பாக வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். பின்கொண்டை மட்டும் சிவப்பு. ஆண், பெண் வேறுபாட்டை ஐந்தாம் வகுப்புக் குழந்தைகூட ஒரே நாளில் பிடித்துக்கொள்ளும்.

பறவையைக் கண்ணால் தேடத் தொடங்கினால் நேரம் வீணாகும். முதலில் காதைத் தீட்டச் சொல்ல வேண்டும். பொன்முதுகு மரங்கொத்தி பறக்கும்போதும், ஒரு மரத்தில் வந்து ஒட்டும்போதும் உரக்கக் கனைப்பதுபோல் விட்டுவிட்டு ஒலிக்கும் நீண்ட குரல் எழுப்பும். வெண்மார்பு மீன்கொத்தியின் குரலும் இதே சாயல் உடையது. எங்கள் ஏரிக்கரையில் இரண்டும் உண்டு என்பதால் மாணவர்கள் முதல் வாரம் முழுவதும் ஒன்றை மற்றொன்றாக எண்ணினார்கள். குரல் வந்த திசையில் பறவையைத் தேடிக் கண்ட பிறகே பெயர் எழுதவேண்டும் என்று விதி வைத்தேன். இரண்டாம் வாரத்தில் குழப்பம் தானாகத் தீர்ந்தது.

இன்னொரு குழப்பம் "டுக்... டுக்... டுக்" என்று வெயில் நேரத்தில் ஒரே சீராக ஒலிக்கும் சத்தம். மரங்கொத்தி மரத்தைத் தட்டுகிறது என்று பலரும் நம்புவது இதைத்தான். உண்மையில் அது குக்குறுவானின் குரல்; தொண்டையிலிருந்து வருவது. சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரிய, பச்சை நிறக் குண்டுப் பறவை. ஆல், அரச மரங்களில் பழம் தின்னும். அதுவும் பட்ட கிளையைக் குடைந்து பொந்து அமைப்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. மரங்கொத்தி கொத்தும் ஒலி இவ்வளவு சீராக இராது. நான்கைந்து தட்டு, பிறகு அமைதி, இடம் மாறி மீண்டும் இரண்டு தட்டு என்று வரும். தச்சர் வேலை செய்யும் இடத்தின் அருகே வீடுள்ள ஒரு மாணவன் இந்த வேறுபாட்டைச் சட்டெனப் பிடித்துக்கொண்டு மற்றவர்களுக்கு மேசையில் தட்டிக் காட்டினான். அன்றைக்கு அவன்தான் ஆசிரியர்.

காதுக்கு அடுத்தபடி மரம். அடிமரத்திலிருந்து மேலே எறும்பு வரிசை போகிறதா என்று பாருங்கள். இந்தப் பறவையின் முக்கிய உணவு எறும்பு. பட்டை உரிந்த பட்டுப்போன கிளைகள் உள்ளனவா? மரத்தடியில் புதிதாக உதிர்ந்த சிராய்கள் கிடக்கின்றனவா? நிமிர்ந்து பார்த்தால் தண்டில் வட்டமான துளை தெரிகிறதா? இந்த மூன்றில் இரண்டு இருந்தால் அந்த மரத்தடியில் காத்திருக்கலாம். காலை ஆறரை முதல் ஒன்பது வரை நல்ல நேரம். பள்ளி நாளில் அது கடினம் என்பதால் இறைவணக்கத்துக்கு முந்தைய அரைமணி நேரத்தையும், மாலையில் பள்ளி விட்டபின் ஒரு மணி நேரத்தையும் பயன்படுத்துகிறேன்.

மரங்கொத்தி ஆளைக் கண்டால் பெரும்பாலும் உடனே பறந்துவிடாது. தண்டைச் சுற்றி மறுபக்கம் நழுவிக்கொள்ளும். நாம் சுற்றிப் போனால் அதுவும் சுற்றும். இதற்கு எளிய வழி, மாணவர்களை இருவர் இருவராகப் பிரித்து, மரத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருபது முப்பது அடி தள்ளி உட்காரவைப்பது. ஒருவருக்கு மறைந்தது மற்றவருக்குத் தெரியும். கை அசைவால் மட்டும் சொல்லிக்கொள்ள வேண்டும். பேச்சு மிகுந்த வகுப்புகள் இதில் எப்படி அமைதியாகின்றன என்று பார்த்தால் உங்களுக்கே வியப்பாக இருக்கும்.

ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். தலைமை ஆசிரியரின் அனுமதி, பெற்றோர் ஒப்புதல், தோப்பு உரிமையாளரிடம் முன்கூட்டியே ஒரு சொல் ஆகிய மூன்றும் தேவை. தோப்புக்குள் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருக்கிறதா என்று முதல் நாளே தனியாகப் போய்ப் பார்த்துவிடுங்கள். இருநோக்கி இல்லையே என்ற கவலை வேண்டாம். பத்துப் பேருக்கு ஒன்று இருந்தால் பறவையைவிட அதன்மேல்தான் கண் இருக்கும். கைப்பேசியில் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதை நான் அனுமதிப்பதில்லை. எதிரி வந்துவிட்டது என்று எண்ணி அது கூட்டை விட்டு அலையும்.

இனி குறிப்பேடு. இந்தக் களப்பாடத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் "கண்டது", வலப்பக்கம் "கருதியது". மாணவர்கள் முதல் நாள் எழுதியவற்றில் பெரும்பகுதி இடம் மாறியிருக்கும். "மரங்கொத்தி பசியால் கொத்தியது" என்பது கண்டது அன்று. "வேம்பின் அடியிலிருந்து தாவித்தாவி மேலே ஏறியது, ஏழு இடங்களில் கொத்தியது, உச்சிக்குப் போனபின் பறந்து அடுத்த மரத்தின் அடியில் ஒட்டியது" என்பது கண்டது. இந்த இரண்டாவது வகை வாக்கியம் எழுத வந்துவிட்டால் தமிழாசிரியருக்கும் மகிழ்ச்சி. தொடக்கநிலை வகுப்புகளுக்கு எண்ணுவதும் வரைவதும் போதும். பொங்கல் விடுமுறையில் மாநிலம் முழுவதும் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் இந்தக் குறிப்புகளைக்கொண்டே எங்கள் மாணவர்கள் கலந்துகொள்கிறார்கள்.

உயர்நிலை வகுப்புகளில் இயற்பியலுக்கும் இடம் உண்டு. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என அமைந்த விரல்கள் பட்டையைப் பற்ற, விறைப்பான வால் இறகுகள் தண்டில் ஊன்றிக்கொள்ளும். முக்காலியைப் போன்ற இந்த ஏற்பாட்டை மாணவர்கள் சுவரில் சாய்ந்து நடித்துக் காட்டலாம். ஆனால் "மரங்கொத்தியின் மண்டையோடு அதிர்ச்சியைத் தாங்கும் பஞ்சுபோல் வேலை செய்கிறது" என்று நாம் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த விளக்கத்தை இனிச் சொல்லவேண்டாம். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையிலான குழு, மூன்று வகை மரங்கொத்திகளை அதிவேகக் கேமராவால் படம்பிடித்து ஆராய்ந்து 2022-இல் முடிவை வெளியிட்டது. அலகு எவ்வளவு சடுதியாக நிற்கிறதோ அவ்வளவு சடுதியாகவே மண்டையும் நிற்கிறது; இடையில் மெத்தை எதுவும் இல்லை. யோசித்தால் நியாயம்தான். சுத்தியலின் தலையில் பஞ்சைக் கட்டினால் ஆணி இறங்குமா? மூளை மிகச் சிறியதாக இருப்பதால்தான் அந்த அதிர்ச்சி அதைப் பாதிப்பதில்லை. "கருதியது" என்ற பத்தியில் இருந்த ஒன்றை அறிவியல் உலகமே "கண்டது" என்று நீண்டகாலம் எழுதிவந்ததற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு மாணவர்களுக்குக் கிடைக்காது.

மலையடிவாரப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு ஒரு சொல். முதுமலை போன்ற காடுகளை ஒட்டிய பகுதிகளில் பச்சை நிற மரங்கொத்திகளும் உண்டு. அவற்றுள் தொண்டையில் கோடுகளும் வயிற்றில் செதில் போன்ற வரிகளும் உள்ள ஒன்று அடிக்கடி தரைக்கு இறங்கி எறும்பு தின்னும். மரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால் அதைத் தவறவிடுவீர்கள். ஐரோப்பாவின் புல்வெளிகளில் எறும்புப் புற்றைக் கிளறி, அலகுக்கு வெளியே சுமார் 10 செ.மீ. நீளும் நாக்கால் எறும்பை வாரும் பச்சை மரங்கொத்தி இதற்கு நெருங்கிய உறவு. செம்பழுப்பு நிறத்தில் இன்னொரு மரங்கொத்தியும் அங்கே உண்டு. மரத்தில் உருண்டையாகக் கூடு கட்டும் எறும்புகளின் கூட்டையே குடைந்து, எறும்புகள் உள்ளே இருக்கும்போதே முட்டையிடும். இந்த வாய்ப்பு சமவெளிப் பள்ளிகளுக்கு இல்லை, எங்களுக்குப் பொறாமைதான்.

பொன்முதுகு மரங்கொத்தி தமிழ்நாட்டில் பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஜூலை வரை கூடமைக்கும். பட்ட தென்னை, தலை விழுந்த மொட்டைப்பனை, உளுத்த கிளை ஆகியவை அதற்கு வேண்டும். உள்ளே எதையும் பரப்பாமல் வெறும் பொந்திலேயே பெரும்பாலும் மூன்று வெள்ளை முட்டைகள் இடும். பதினொரு நாள் அளவில் பொரிக்கும். ஏறத்தாழ இருபது நாளில் குஞ்சுகள் வெளியேறும். பொந்தில் கைவிடுவதோ, குச்சி விடுவதோ கூடாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் இதைத் தடுக்கிறது.

எங்கள் ஏரிக்கரையில் இருந்த ஒரு மொட்டைப்பனையில் இப்படி ஒரு பொந்தை ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி பிப்ரவரியில் கண்டுபிடித்தாள். நாள்தோறும் மாலையில் எட்டி நின்று குறிப்பெடுத்தாள். தொடக்கத்தில் ஒரு பறவை உள்ளே போனால் நெடுநேரம் வெளியே வராது. மற்றது வந்தபின்தான் மாறும். மார்ச் 4 முதல் இரண்டும் அடிக்கடி வந்து போயின. அவள் எழுதிய ஒரு வரி என்னை நிறுத்திவைத்தது: "வெறும் வாயோடு வருகிறது. ஆனால் உள்ளே சத்தம் கேட்கிறது." அலகில் புழு இல்லையே, குஞ்சுக்கு என்ன கொடுக்கும் என்பது அவள் கேள்வி. எறும்புகளை விழுங்கி வந்து, உள்ளே குஞ்சுகளின் வாயில் கக்கி ஊட்டும் என்று நான் விளக்கினேன். அவள் அதை வலப்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். அவள் கண்டதில்லையே! நான் மறுக்கவில்லை.

அடுத்த வாரம் அந்தத் தோப்பின் பட்ட பனைகளைச் செங்கல் சூளைக்கு விலை பேசிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. வெட்டாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. பட்ட மரத்தை விற்பது அவர் பிழைப்பு. பள்ளி வளாகத்தில் பிள்ளைகள் நடக்கும் வழியில் அத்தகைய மரம் சாய்ந்து நின்றால் நானே அகற்றச் சொல்வேன். ஆனால் இந்த மரம் யாரும் நடமாடாத கரையில் நின்றது. மாணவி தன் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு நான்கு பேரோடு தோப்புக்காரரிடம் போனாள். நான் பின்னால் நின்றேன்.

"தாத்தா, அந்த மொட்டைப்பனையில குஞ்சு இருக்கு."

"இருக்கட்டும்மா. எத்தனை நாளைக்கு?"

அவள் பக்கங்களைப் புரட்டி எண்ணினாள். "மாசக் கடைசி வரைக்கும் விட்டா போதும் தாத்தா. நாலாம் தேதி பொரிச்சிருக்கு."

நாள் சொல்லிக் கேட்டதால்தான் அவர் யோசித்தார் என்று நினைக்கிறேன். வெறுமனே "பாவம், விட்டுவிடுங்கள்" என்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். வண்டி வந்தபோது மற்ற மரங்கள் போயின. அது மட்டும் நின்றது. மார்ச் 22 அன்று பொந்து வாயில் ஒரு சிவந்த தலை தெரிந்தது. 26-ஆம் தேதிக்குப் பிறகு எந்தப் பறவையும் வரவில்லை. அவள் "குஞ்சுகள் பறந்துவிட்டன" என்று எழுதத் தொடங்கி, அடித்துவிட்டு, "இன்று வரவு இல்லை" என்று இடப்பக்கத்தில் எழுதினாள்.

மரங்கொத்தி குடைந்த பொந்துகள் வீணாவதில்லை. மைனா, பச்சைக்கிளி, குண்டுக்கரிச்சான், புள்ளி ஆந்தை ஆகியவற்றுக்கு மரத்தைக் குடையும் அலகு இல்லை. கிடைத்த பொந்தில்தான் அவை குடியேற வேண்டும். சூளைக்காரர் ஒரு மரத்துக்காகத் திரும்பி வரவில்லை. ஜூனில் பள்ளி திறந்தபோது மொட்டைப்பனை நின்றுகொண்டிருந்தது. பொந்துக்குள் ஒரு மைனா வைக்கோலைச் சுமந்து போய்க்கொண்டிருந்தது. எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்ட அந்த மாணவி பழைய குறிப்பேட்டில் புதுப் பக்கம் திருப்பி நடுவே கோடு போட்டாள்.