ஆவாரைக்குத் தினமும் தண்ணீரா?

பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக்கட்ட ஆவாரம்பூ தேடி அலைந்தவர்கள், வாசலிலேயே ஒரு செடி வைத்துவிடலாம் என்று நினைப்பதுண்டு. நல்ல யோசனை. ஆனால் ஆவாரை பூத்த ஊரில் சாவே இல்லை என்பார்கள். நம் வீட்டுக்கு வந்தால் ஆவாரையே செத்துப்போகிறது. கரட்டிலும் தரிசிலும் யார் தயவுமின்றி நிற்கும் செடி அது.

நம்பிக்கை: வறட்சியிலேயே இப்படிப் பூக்கிறதே, தினமும் தண்ணீர் ஊற்றினால் இன்னும் பூக்கும்.

உண்மை: நீர் தேங்கினால் வேர் அழுகும். ஆணிவேர் இறங்கும் வரை, முதல் வருடம் மட்டும், மண் காய்ந்த பிறகு ஊற்றுங்கள். பிறகு மழை பார்த்துக்கொள்ளும். எருவை அள்ளிக் கொட்டினால் இலைதான் தழைக்கும். வெயில் மட்டும் குறையவே கூடாது.

நம்பிக்கை: பயறுக் குடும்பம்தானே, மண்ணில் தழைச்சத்து சேரும்.

உண்மை: குடும்பம் சரி. தட்டையான அந்தக் காயைப் பார்த்தாலே அவரைக்கு உறவு என்று தெரியும். ஆனால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிப்பது செடி அல்ல, வேர்முடிச்சில் குடியிருக்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியா. ஒரு தட்டைப்பயறுச் செடியைப் பிடுங்கிப் பாருங்கள்: வேரில் மணிமணியாக முடிச்சுகள், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. ஆவாரை வேரில் அப்படி எதுவும் கிடைக்காது. அது சேர்ந்த சென்னா இனத்துக்கு அந்தக் கூட்டாளி வாய்க்கவில்லை. உதிரும் இலை மூடாக்காகும், அவ்வளவுதான். இதைச் சொன்னால் இயற்கை விவசாய நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள், என்ன செய்வது! தழைச்சத்துதான் குறி என்றால் பக்கத்தில் துவரை போடுங்கள். அதுவும் வறட்சி தாங்கும், சாம்பாருக்கும் ஆகும்.

நம்பிக்கை: காட்டிலிருந்து பிடுங்கி வந்து நட்டால் போதும்.

உண்மை: ஆணிவேர் அறுந்த செடி பெரும்பாலும் பிழைக்காது. விதைதான் வழி. தோல் கெட்டி என்பதால் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்து, செடி நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றுங்கள். விதை எடுக்கும்போது கவனம், மஞ்சளாகப் பூப்பதெல்லாம் ஆவாரை அல்ல. இலைக்காம்பின் அடியில் காதுமடல் போல அகன்ற செதில் இருக்கிறதா பாருங்கள். ஆரிகுலேட்டா என்ற அதன் அறிவியல் பெயருக்கே காதுடையது என்றுதான் பொருள்.

நம்பிக்கை: வெட்டினால் பட்டுப்போகும்.

உண்மை: தோல் பதனிடுவதற்காகப் பட்டை உரிக்க வெட்டிக்கொண்டே இருந்தார்கள், அது துளிர்த்துக்கொண்டே இருந்தது. பூத்து ஓய்ந்ததும் தைரியமாகக் கவாத்து செய்யுங்கள்.

நம்பிக்கை: இலையில் பச்சைப் புழு வந்தால் உடனே மருந்து அடிக்க வேண்டும்.

உண்மை: அவை பெரும்பாலும் வெளிர்நிறப் பட்டாம்பூச்சிகளின் பிள்ளைகள். தின்றது போக மீண்டும் இலை வரும். பூவிலோ தேன் கிடையாது, மகரந்தம்தான். அதை உடலை அதிரவைத்து உதிர்த்து எடுக்கக் கருவண்டு வரும். மருந்து அடித்தால் அதுவும் வராது. டப்பாவை உள்ளேயே வையுங்கள்.