நம்ம கிணறும் நனோவும்: ராத்தா சொல்றதைக் கொஞ்சம் கேள்

தங்கச்சி, போன கிழமை நீ வாங்கி வந்த தண்ணி வடியின் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் 'நனோ'. "ராத்தா, இனிமேல் நம்ம கிணற்றுத் தண்ணியை யோசிக்காமல் குடிக்கலாமாம்" என்றாய். அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள், பதில் சொல்ல வாய்க்கவில்லை. நாளைக்குப் பிள்ளைக்குப் பால்மா கரைக்கப்போகிறவள் நீ. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அளவைப் பிடித்துக்கொள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நனோமீட்டர். நம்ம தலைமுடியின் தடிப்பே ஏறக்குறைய 80,000 நனோமீட்டர் வரும். 1 முதல் 100 நனோமீட்டர் வரையான பருமனில் பொருளை ஆக்கி வேலை வாங்குவதைத்தான் நனோ தொழினுட்பம் என்கிறார்கள். அவ்வளவு சிறிசானதும் பொருளின் குணமே மாறும். கிரிக்கெட்காரர் மூக்கில் வெள்ளையாகப் பூசுகிற நாக ஒட்சைட்டை நனோ துகளாக்கினால் தோலில் நிறம் தெரியாது, ஆனால் வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கும். அந்தச் சொல்லை ஒரு பெட்டியில் கண்டால் கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேள்: இதில் எது நனோ, அது என்ன வேலை செய்யும்?

உன் வடியில் இருப்பது வெள்ளி. நனோ வெள்ளி கிருமியைக் கொல்லும், அது உண்மை. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப்பின் குழு இதே வெள்ளித் துகளால் தண்ணியில் கலந்த சில பூச்சிகொல்லி எச்சங்களைக்கூட நீக்கிக் காட்டியிருக்கிறது.

ஆனால் பள்ளிவாசல்துறையில் நம்ம கவலை கிருமி மட்டுமா? கற்பிட்டிக் குடாநாடு முழுக்க மணல். ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல், நடுவில் மிளகாயும் சின்ன வெங்காயமும். போட்ட பசளையில் பயிர் எடுத்தது போக மிச்சம், மோட்டர் தண்ணியோடு மணலில் இறங்கி நேரே நிலத்தடி நீரில் சேர்கிறது. யூரியா மண்ணில் மாறி நைத்திரேற்று ஆகும். குடாநாட்டுக் கிணறுகளில் அது கூடுதலாக இருப்பதைப் பல வருடங்களுக்கு முன்பே ஆய்வாளர்கள் கண்டுவிட்டார்கள். நிறமில்லை, மணமில்லை, உப்புப் போலக் கரைந்தே இருக்கும். வெள்ளியால் அதைத் தொட முடியாது, மண் வடியாலும் முடியாது. கொதிக்க வைத்தால் தண்ணி வற்றி நைத்திரேற்று இன்னும் செறியும். என் மூத்தவன் கைக்குழந்தையாக இருந்தபோது, நல்லாக் கொதித்தால் எல்லாம் போய்விடும் என்று நம்பி அரை மணித்தியாலம் கொதிக்கவிட்டவள் நான். இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு பதறும்.

ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குத்தான் ஆபத்து கூட. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கிற பலத்தை இழந்து, பிள்ளை நீலம் பாரிக்கலாம். உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை, லீட்டருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அந்த ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டும் கொடுத்தால் தண்ணியே தேவையில்லை. பால்மா கொடுக்க வேண்டி வந்தால் ஆர்.ஓ. தண்ணி எடு, மெல்லிய சவ்வினூடாக அழுத்தி வடித்த தண்ணி அது. அதிலும் நுண்ணிய அளவுதான் வேலை செய்கிறது: அந்தச் சவ்வின் இடைவெளிகள் ஒரு நனோமீட்டரிலும் சிறியவை, தண்ணி மூலக்கூறு நுழையும், உப்பும் நைத்திரேற்றும் பெரும்பாலும் தங்கிவிடும். தண்ணி எடுக்கிற இடத்தில் சவ்வை எப்போது மாற்றினார்கள் என்று கேட்க வெட்கப்படாதே. கேனை உள்ளே கைவிட்டுத் தேய்த்துக் கழுவு. பிள்ளைக்கென்றால் அந்தத் தண்ணியையும் ஒரு கொதி கொதிக்கவைத்து ஆற்று, கேனில் சேர்ந்த கிருமிக்காக. வீட்டிலேயே ஆர்.ஓ. பூட்டினால் கழிவுத் தண்ணியைக் கிணற்றடியில் விடாதே. தடுத்ததெல்லாம் அதில்தான் இருக்கும்.

தோட்டத்துக்குப் பசளை போடுகிற உன் மாப்பிள்ளைக்கும் ஒன்று சொல். ஹோமாகமவில் ஸ்லின்டெக் என்று நம்ம நாட்டின் நனோ தொழினுட்ப நிறுவனம் இருக்கிறது, 2008 இல் தொடங்கியது. அங்கே உழைத்த ஆய்வாளர்கள், எலும்பில் இருக்கிற கல்சியம் பொசுபேற்று வகையை நனோ துகளாக்கி அதில் யூரியாவைப் பிடித்துவைத்தார்கள். தண்ணி பட்டவுடன் கரைந்து ஓடாமல் யூரியா மெல்ல மெல்ல வெளிவரும். வயலில் பாதி யூரியாவோடு நல்ல விளைச்சல் கண்டதாக 2017 இல் எழுதினார்கள். நம்ம மணலுக்கென்றே யோசித்த பசளை போல எனக்குப் படுகிறது. மிளகாய்த் தோட்டம் வரைக்கும் அது வந்து சேர வேண்டுமென்று ஆசைப்படுகிறேன்.

2021 இல் நம்ம அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தபோது இந்தியாவிலிருந்து வந்த நனோ திரவத்தை இதோடு குழப்பாதே. அது இலைக்குத் தெளிப்பது. நூற்றுக்கு நாலு நைதரசன் என்றால் அரை லீட்டர் போத்தலில் 20 கிராம். 45 கிலோ யூரியா மூட்டையில் 20 கிலோவுக்கு மேல். மூட்டைக்குப் பதில் ஒரு போத்தல் போதும் என்று யாராவது சொன்னால் மாப்பிள்ளை இந்தக் கணக்கைக் காட்டட்டும். கையில் இருக்கிற யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல் சிறிது சிறிதாகப் பிரித்துப் போடட்டும், கிணற்றை விட்டுத் தள்ளிப் போடட்டும்.

மற்ற நனோ சாமானெல்லாம் சின்ன விஷயம். வெள்ளி பூசிய மணக்காத காலுறைக்குக் கூடக் காசு கொடுக்காதே. சிலவற்றில் நாலைந்து கழுவலிலேயே வெள்ளி கரைந்து போகிறது, போய்ச் சேர்வதும் நம்ம மண்ணில்தான். கருவாடு காயப்போடும்போது வெயிலுக்குப் பூசுவதென்றால் கிரீமாக வாங்கு. தெளிக்கிறதும் தூளும் வேண்டாம், மூச்சோடு நெஞ்சுக்குள் போகும். ஐரோப்பாவிலிருந்து வரும் கிரீம்களில் நனோ சேர்பொருள் இருந்தால், 2013 இலிருந்து அதன் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நனோ என்று போட்டிருக்கும்.

அந்த வடியைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், கிருமிக்கு உதவும். ஆனால் இந்தக் கிழமைக்குள் நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்துக்கு ஒரு கோல் எடுத்து, எந்தப் போத்தலில், எவ்வளவு தண்ணி கொண்டுவர வேண்டும் என்று கேள். நைத்திரேற்றும் பார்க்கச் சொல்லிக் கேள், மறந்துவிடாதே. மிளகாய்க்குப் பசளை போட்ட பிறகு ஒரு தடவை, மழை முடிந்து இன்னொரு தடவை. என் கிணற்றுத் தண்ணியையும் ஒரு போத்தலில் தருகிறேன், சேர்த்துக் கொண்டுபோ.