நம்பிக்கைகளும் உண்மைகளும்: யாரைக் கேட்டீர்கள்?

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டதிலிருந்து ஒரே மாதிரியான செய்தித் துணுக்கைத் தொலைக்காட்சியில் பார்த்து வருகிறோம். நிருபர் மைக்கை நீட்டுவார். பையும் குழந்தையுமாக நிற்பவர் பழைய கோயம்பேடு நிலையமே தேவலை என்பார். அடுத்தவரும் அதையே சொல்வார். பத்துப் பேர் பேசி முடித்ததும் அது 'பயணிகளின் கருத்து' ஆகிவிடும்.

பேசியவர்கள் படும் சிரமம் உண்மை. ஆனால் அந்தப் பத்துப் பேரை வைத்துக்கொண்டு 'பெரும்பாலானோர்' என்ற சொல்லைத் தொட முடியாது. பெருங்களத்தூரிலேயே பஸ்ஸைக் கைகாட்டி ஏறிக்கொள்பவர் அந்த மைக்கில் சிக்க மாட்டார். தாம்பரத்தில் ரயிலுக்கு மாறிக்கொண்டவரும் சிக்க மாட்டார். இவ்வளவு தூரம் அலைய முடியாது என்று ஊருக்குப் போவதையே குறைத்துக்கொண்ட பெரியவர் வீட்டில் இருக்கிறார். ஊரப்பாக்கத்துக்காரருக்கோ முனையம் வாசலுக்கே வந்த மாதிரி. அவருக்கு நின்று பேசக் காரணம் இல்லை, பஸ் ஏறிப் போய்விடுவார்.

பிளஸ் டூ வணிகக் கணிதத்தில் கூறெடுப்பு என்றொரு பாடம் உண்டு. ஒரு கூட்டத்தில் சிலரை மட்டும் எடுத்துப் பார்த்து, முழுக் கூட்டத்தைப் பற்றி எவ்வளவு தூரம் பேசலாம் என்று சொல்லித்தரும் பாடம். பரீட்சை முடிந்ததும் பலரும் அதை மறந்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: நிறையப் பேரைக் கேட்டால் தப்பே வராது

1936-ல் அமெரிக்காவில் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை அதிபர் தேர்தலுக்காக ஒரு கோடிப் பேருக்குத் தபாலில் மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. ஆல்ஃப் லாண்டன் ஜெயிப்பார் என்றது பத்திரிகை. ரூஸ்வெல்ட் சுமார் 61 சதவீத வாக்குகளோடு ஜெயித்தார். டெலிபோன் டைரக்டரியிலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும் முகவரி எடுத்ததால், அந்தப் பொருளாதார மந்த காலத்திலும் வசதியோடு இருந்தவர்களே பட்டியலில் அதிகம். அதிலும் பதில் எழுத மெனக்கெட்டவர்கள் ஒரு தனி ரகம். இருபது லட்சத்துக்குப் பதிலாக நாற்பது லட்சம் சீட்டு திரும்பியிருந்தாலும் அதே தப்பு இன்னும் உறுதியான குரலில் வந்திருக்கும்.

நம்பிக்கை: ஊர் பெரிதாக இருந்தால் அதற்கேற்ப அதிகம் பேரைக் கேட்க வேண்டும்

ஆயிரம் பேரைக் கேட்டுவிட்டு இத்தனை பெரிய நாட்டைப் பற்றிப் பேசுவதா என்ற கோபம் எல்லாத் தேர்தலிலும் எழுகிறது. கணக்கு வேறு மாதிரி. முறையான குலுக்கலில் எடுத்த ஆயிரம் பேர் என்றால் பிழை வரம்பு ஏறத்தாழ கூட்டல் கழித்தல் 3 புள்ளி. சில லட்சம் பேர் வாழும் நம் தாம்பரம் மாநகராட்சிக்கும் அதுதான், 140 கோடிப் பேர் வாழும் நாட்டுக்கும் அதுதான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான். பானையின் அளவு பொருட்டில்லை, நன்றாகக் கிளறியிருக்க வேண்டும். மக்களைக் கிளற முடியாது. அந்த வேலையைக் குலுக்கல் செய்கிறது.

பிழை வரம்பைப் பாதியாக்க இரண்டு மடங்கு ஆள் போதாது, நான்கு மடங்கு வேண்டும் என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இதே கணக்குக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அதைத்தான் உள்ளூரில் அதிகம் மறக்கிறோம். தாம்பரம் மாநகராட்சியில் 70 வார்டுகள். ஆயிரம் பேரிடம் கேட்ட ஒரு சர்வேயை வார்டு வாரியாகப் பிரித்தால் வார்டுக்குப் பதினான்கு பேர் தேறுவார்கள். பதினான்கு பேருக்கான பிழை வரம்பு கூட்டல் கழித்தல் 26 புள்ளி. 'எங்கள் வார்டில் 60 சதவீதம் பேருக்குக் குடிநீர் திருப்தி' என்று அந்த சர்வேயிலிருந்து யாராவது எடுத்துச் சொன்னால், உண்மை 34-லும் இருக்கலாம், 86-லும் இருக்கலாம்.

ஊரைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் குலுக்குவதன் தேவை இங்கே வருகிறது. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021-ல் உருவான மாநகராட்சி இது. தறி ஓடும் அனகாபுத்தூரும், தோல் தொழில் வளர்ந்த பம்மலும், ஏரியைச் சுற்றி வீடு பெருகிய சிட்லபாக்கமும் ஒரே பெயருக்குள் வந்துவிட்டன. நாகல்கேணியில் எடுத்த கிணற்றுத் தண்ணீர் சேலையூருக்குச் சாட்சி சொல்லாது.

நம்பிக்கை: குலுக்கல் என்றால் கண்ணில் பட்டவரைக் கேட்பது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. குலுக்கல் என்பது கண்டிப்பான வேலை. தேசியக் குடும்பநல ஆய்வு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். முதலில் ஊர்களையும் நகரக் கணக்கெடுப்பு வட்டங்களையும் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு வட்டத்துக்குள் போனதும் எல்லா வீடுகளையும் எண்ணிட்டுப் பட்டியல் போடுகிறார்கள். அதிலிருந்து 22 வீடுகள்.

சிட்லபாக்கத்தில் ஒரு வட்டத்தில் 220 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். பத்துக்கு ஒரு வீடு. தொடக்க எண்ணைக் குலுக்கலில் எடுக்கிறோம், 7 வருகிறது. ஆக 7, 17, 27, 37. இருபத்தேழாம் வீட்டில் பூட்டு தொங்குகிறது. மணி காலை பதினொன்று, வெயில் ஏறிவிட்டது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருக்கிறது, அங்கிருக்கும் அம்மா உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்கிறார். அவரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனால் என்ன?

போகக் கூடாது. மாற்று வீடு கிடையாது என்பது ஆய்வின் விதி. பூட்டியிருந்தால் வேறு நேரத்தில், வேறு நாளில் திரும்ப வர வேண்டும். கணவன் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்கும் மனைவி ஓஎம்ஆருக்கும் வேலைக்குப் போன வீடு அது. பகலில் திறந்திருக்கும் வீடுகளை மட்டும் சேர்த்தால் அந்த ஊரில் வேலைக்குப் போகும் பெண்களே குறைவு என்று கணக்கு வரும். அவர்கள் ஊரில்தான் இருக்கிறார்கள், பட்டியலில் இருக்க மாட்டார்கள்.

பத்துக்கு ஒன்று எடுப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. பிளாக்குக்குப் பத்து வீடு என்று கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் 7, 17, 27 என்று போனால் ஒவ்வொரு பிளாக்கிலும் அதே மூலை வீடே மாட்டும். களத்தில் இருப்பவர் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டிய இடம் அது.

சென்னையின் சர்க்கரை நோய்க் கணக்கு எப்படிக் கிடைத்தது என்பது கண்டிப்பான குலுக்கலுக்கு நல்ல உதாரணம். டாக்டர் வி. மோகனின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை 2001-ல் தொடங்கிய ஆய்வில், அப்போதைய 155 வார்டுகளில் 46-ஐ எடுத்து 26,001 பெரியவர்களைப் பார்த்தார்கள். அவர்களில் பத்துக்கு ஒருவராக 2,600 பேரை விரிவான சோதனைக்கு அழைத்தார்கள். 2,350 பேர் வந்தார்கள், 90 சதவீதம். வயதுக் கணக்கைச் சரிசெய்த பிறகு 14.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்ற முடிவைவிட, அழைத்தவர்களில் எத்தனை பேர் வந்தார்கள் என்ற இந்த எண்ணை நான் முதலில் தேடுவேன். அதைச் சொல்லாத சர்வேயை நம்புவதற்கில்லை.

நம்பிக்கை: சென்னைக்குச் சொன்னது நமக்கும் சேர்த்துத்தான்

கொரோனா காலத்தில், 2020 ஜூலையில், சென்னை மாநகராட்சி தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தோடு சேர்ந்து ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று சோதித்தது. 51 வார்டுகள், 12,405 பேர். 21.5 சதவீதம் பேருக்கு இருந்தது. அந்த மாத இறுதியில் நகரில் பதிவாகியிருந்த தொற்று ஒரு லட்சத்தை ஒட்டித்தான். ஐந்தில் ஒருவர் என்றால் பதினைந்து லட்சத்தைத் தாண்டும். பதிவேட்டில் இல்லாத அத்தனை பேரையும் பன்னிரண்டாயிரம் பேரின் ரத்தம் காட்டிக்கொடுத்தது. கூறெடுப்பின் பலத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று நம் ஊரில் வேண்டியதில்லை.

ஆனால் அந்த எண் தாம்பரத்தின் எண் அல்ல. தாம்பரமும் பல்லாவரமும் பம்மலும் மாநகராட்சி எல்லைக்கு வெளியே, செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. குலுக்கலில் சீட்டே போடாத ஊர்கள். நகருக்குள்ளேயே தண்டையார்பேட்டை மண்டலத்தில் 44 சதவீதமும் மாதவரத்தில் 7 சதவீதமும் இருந்தபோது, சராசரியை எல்லை தாண்டி இழுத்துவந்து நமக்கு ஒட்டவைக்க எந்த நியாயமும் இல்லை. 2015 டிசம்பர் 1 மழையைத் தாண்டி வந்தவர்களுக்கு இது புரியும். ஒரே நாளில் நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டர், தாம்பரத்தில் 49.

நம்பிக்கை: 'வித்தியாசம் நிரூபணமாகவில்லை' என்றால் இரண்டும் சமம்

இந்த ஊரின் பெயரோடு ஒட்டிய கதை இது. 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோய் சானடோரியம் தொடங்கினார். பிறகு அது அரசின் கைக்கு வந்தது, ரயில் நிலையத்துக்கும் பெயரானது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, குடும்பத்திலிருந்து பிரிவு: காசநோய்க்கு மருத்துவம் என்றால் அன்றைக்கு உலகம் முழுவதும் இதுதான். ஆனால் நோயாளிகள் இருந்த அளவுக்குப் படுக்கைகள் இல்லை. இருக்கவும் வழியில்லை.

1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் அமைந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்த முயற்சி. முதல் தலைவர் வாலஸ் ஃபாக்ஸ். சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட வேண்டும், மறு பாதி சானடோரியத்தில். மருந்து இருவருக்கும் ஒன்றே.

இந்தக் குலுக்கல் முன்பு சொன்னதிலிருந்து வேறு. அங்கே யாரைக் கேட்பது என்று தீர்மானிக்கக் குலுக்கினோம், இங்கே யாருக்கு எந்தச் சிகிச்சை என்று தீர்மானிக்க. டாக்டர் பார்த்துப் பிரித்திருந்தால், மோசமாக இருப்பவரை மனசு கேட்காமல் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார். பிறகு எந்த ஒப்பீடும் செல்லாது.

1959-ல் முடிவு வெளியானது. ஓராண்டு முடிவில் கிருமி அடங்கி நோய் தணிந்தவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92. ஆறு புள்ளி வித்தியாசம். ஒவ்வொரு பக்கமும் நூறு பேர் என்றே வைத்துக் கணக்கிட்டால் அந்த ஆறின் பிழை வரம்பு ஏறத்தாழ 9. அதாவது உண்மையான வித்தியாசம் சானடோரியத்துக்குச் சாதகமாக 15 புள்ளி வரை இருக்கலாம், வீட்டுக்குச் சாதகமாக 3 புள்ளியாகவும் இருக்கலாம். இதே முறையில் நூறு தடவை ஆய்வு செய்து நூறு எல்லைகள் வகுத்தால் அவற்றில் சுமார் 95 எல்லைகளுக்குள் உண்மை அடங்கும். பிழை வரம்போடு சேர்த்துச் சொல்லப்படும் 95 சதவீத நம்பிக்கை என்பதன் பொருள் அவ்வளவுதான். அது நம் முறையைப் பற்றிய உத்தரவாதம்.

ஆகவே அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து 'இரண்டும் சமம்' என்று சொல்லியிருந்தால் அவசரம். ஆய்வாளர்கள் அத்தோடு நிற்கவில்லை என்பதால்தான் இந்த ஆய்வின்மீது எனக்கு இவ்வளவு மரியாதை. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை கூடுதலாக ஏறியது, சாப்பாடும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான வீடுகளில் அரைவயிற்றோடு வேலையும் பார்த்தார்கள். அப்படியும் 86 சதவீதம். வீட்டில் நோயாளி இருந்ததால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடுகிறதா என்றும் தொடர்ந்து பார்த்தார்கள், கூடவில்லை. ஐந்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோது இரு பக்கமும் ஏறத்தாழ 90 சதவீதம். உலகம் சானடோரியத்தைக் கைவிட்டு மாத்திரையை வீட்டுக்கு அனுப்பத் துணிந்தது இத்தனையும் சேர்ந்த பிறகுதான்.

நம்பிக்கை: ஓரிடத்தில் நிரூபணமானது எங்கும் செல்லும்

பிரிட்டனில் பள்ளி முடிக்கும் வயதுப் பிள்ளைகளிடம் 1950-களில் நடந்த பெரிய சோதனையில் பிசிஜி தடுப்பூசி காசநோயை முக்கால் பங்குக்கும் மேல் தடுத்தது. அது நியாயமான சோதனை. அதே ஊசியை நம் மக்களிடம் சோதிக்க 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களில், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு ஆய்வு தொடங்கியது. யாருக்குத் தடுப்பூசி, யாருக்கு மருந்தில்லாப் போலி ஊசி என்பது போட்டவருக்கும் தெரியாது. உலகின் மிகப் பெரிய பிசிஜி சோதனைகளில் ஒன்று அது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் ஊசிக்குப் பலன் இல்லை என்று வந்தது. பதினைந்து ஆண்டுத் தொடர் கண்காணிப்பும் அதையே சொன்னது.

பிரிட்டிஷ் கணக்கிலும் பிழையில்லை, செங்கல்பட்டுக் கணக்கிலும் பிழையில்லை. கூறு எடுத்த மக்கள் வேறு. நம் மண்ணில் பரவலாக இருக்கும் வேறு வகை மைக்கோபாக்டீரியாக்களோடு உடல் முன்பே பழகியிருப்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோயிலிருந்து பிசிஜி காக்கிறது என்பதற்கு வேறு ஆய்வுகளில் நல்ல ஆதாரம் உண்டு. அதனால்தான் பிறந்த குழந்தைக்கு இன்றும் அதைப் போடுகிறோம். கட்டாயம் போட வேண்டும்.